‘இது யாரு தண்ணி, கண்ணு?’: தூண்டிலோடு ஒரு நீண்ட கார் பயணம்

ஈரி ஏரிக்கரையில் காலை ஏழு மணி இருக்கும். அப்பா அன்றைய முதல் மீனை, ஒரு மஞ்சள் பெர்ச், கரைக்கு இழுத்து வாளியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்த நேரத்தில், இடுப்பில் துப்பாக்கியோடு சீருடைக்காரர் ஒருவர் மணலில் நடந்து வந்தார். மீன் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு, லைசென்ஸைக் காட்டச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. முந்தின நாள் ராத்திரி மோட்டலில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் மூன்று நாள் டூரிஸ்ட் லைசென்ஸ் எடுத்து ஃபோனில் வைத்திருந்தேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சரி, ஈரி பெர்மிட் எங்கே?" என்றார்.

பென்சில்வேனியாவில் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஈரி ஏரியில் தூண்டில் போட முடியாது, அதற்குத் தனியாக ஒரு பெர்மிட் உண்டு, அதேபோல டிரவுட் மீனுக்கும் தனி பெர்மிட் உண்டு என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். நல்ல மனுஷர், அபராதம் போடவில்லை. அங்கேயே நிற்கவைத்து ஃபோனில் வாங்கச் சொன்னார், வாங்கியதும் போய்விட்டார். அதுவரை அப்பா தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றார். அதிகாரி போனதும் அப்பா சொன்னார்: "நம்மூரு குத்தகைக்காரனாட்டம் இங்கயும் ஒருத்தன் வந்துட்டான் பாரு."

அப்பாவுக்குச் சொந்த ஊர் காவிரிக்கரையில், பரமத்தி வேலூர் பக்கம். சின்ன வயதில் ஏரி, குளத்தில் தூண்டில் போட்டால் மீன்பாசி ஏலம் எடுத்தவர் தடியோடு வந்து விரட்டுவார். தண்ணீர் ஊருக்குச் சொந்தம், மீன் ஏலம் எடுத்தவருக்குச் சொந்தம். அமெரிக்க லைசென்ஸ் முறையை அவருக்குப் புரியவைக்க நான் ஒரு வாரம் பட்ட பாட்டை இந்த ஒரு உவமை தீர்த்துவைத்தது. உண்மையில் எனக்கும் அதுதான் தீர்த்துவைத்தது. ஏனென்றால் நான் திட்டம் போட்டதே தப்பு. நியூ ஜெர்சியிலிருந்து மொன்டானா வரை, பெரும்பாலும் ஐ-90 நெடுஞ்சாலை வழியாக, அப்பா, நான், பன்னிரண்டு வயது மகள். எந்த ஊரில் தங்குவது, எந்த மீனுக்கு எந்த முள், எல்லாம் எக்செல் தாளில் போட்டாயிற்று. லைசென்ஸ் வரிசையில் மட்டும் ‘ஆன்லைன்’ என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தேன்.

நாடு முழுக்கச் செல்லும் மீன்பிடி லைசென்ஸ் என்று அமெரிக்காவில் ஒன்றும் கிடையாது. மீன் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு, மாநிலம் தாண்டினால் புதிதாக வாங்க வேண்டும். அந்த ஊர்க்காரர் இல்லையென்றால் விலையும் ஏறும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. மாநிலத்துக்குள்ளேயே தேசியப் பூங்கா என்றால் வேறு கணக்கு, பழங்குடி நிலம் என்றால் வேறு கணக்கு. அதனால் இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: எந்த மீன் என்று யோசிப்பதற்கு முன்னால், நிற்கப்போகிற கரை யாருடையது என்று வரைபடத்தில் பாருங்கள். எந்த லைசென்ஸ், எத்தனை நாளுக்கு, கூட என்ன ஸ்டாம்ப் (லைசென்ஸோடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் சீட்டு) என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, லைசென்ஸ் வாங்குவதில் வந்த வேடிக்கைக்கு வருகிறேன். இந்தியாவிலிருந்து பெற்றோரைக் கூட்டி வருபவர்களுக்கு இந்தப் பகுதிதான் உதவும்.

ஆன்லைன் படிவம் திறந்ததும் முதலில் கேட்பது சோஷியல் செக்யூரிட்டி எண். மீன் பிடிக்க இது எதற்கு என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு தேடிப் படித்தேன். பிள்ளைகளுக்கான ஜீவனாம்சப் பணத்தைக் கட்டாமல் தப்பிப்பவர்களைக் கண்டுபிடிப்பதற்காக, டிரைவிங் லைசென்ஸ் முதல் மீன்பிடி லைசென்ஸ் வரை விண்ணப்பத்தில் இந்த எண்ணை வாங்க வேண்டும் என்று தொண்ணூறுகளில் மத்தியச் சட்டமே வந்திருக்கிறது. அப்பா வந்திருப்பது விசிட்டர் விசாவில், அவருக்கு ஏது அந்த எண்? சில மாநிலத் தளங்களில் ‘எனக்கு அந்த எண் கிடையாது’ என்று ஒரு பொத்தான் எங்கோ மூலையில் இருக்கும், அதை அழுத்தினால் பாஸ்போர்ட் எண் கேட்கும். சில இடங்களில் நான் எவ்வளவு தேடியும் அது கண்ணில் படவில்லை. அப்படியானால் தளத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு லைசென்ஸ் விற்கும் கடைக்கு நேராகப் போங்கள். தூண்டில் கடை, பெரிய பல்பொருள் கடை, சில இடங்களில் பெட்ரோல் பங்கில்கூட விற்கிறார்கள். ஆள் தட்டுப்படாத ஊரில்கூட புழு விற்கும் கடை ஒன்று இருக்கும், அங்கே கேட்டால் போதும். தயவுசெய்து அவர் பெயரில் உங்கள் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு யோசனை எனக்கும் வந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்தது பெயர். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்று எதுவும் இல்லை, நம்மில் பாதிப்பேருக்கு அப்படித்தான். அதனால் விசாவில் அவருடைய பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று அச்சடித்திருக்கிறார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஒரு சின்ன ஊர்க் கடையில் கல்லாவில் இருந்த பெண் அதை அப்படியே லைசென்ஸில் தட்டிவிட்டார். அடுத்த ஊரில் நான் புத்திசாலித்தனமாக எங்கள் தாத்தா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டேன். ஒரே மனுஷருக்கு இரண்டு லைசென்ஸ், இரண்டு பெயர், ஒரே பாஸ்போர்ட். எங்கேயும் மாட்டவில்லை என்றாலும், அதை வைத்துக்கொண்டு ஒரு அதிகாரியிடம் விளக்கம் சொல்லும் நிலைமை வர வேண்டாம். விசாவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. மகள் மட்டும் பயணம் முழுக்கத் தாத்தாவை ‘ஃப்னு’ என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

அப்பாவுக்கு 68 வயது. மூத்தவர்களுக்குச் சலுகை உண்டே என்று கேட்பீர்கள். நாங்கள் போன மாநிலங்களில் அது உள்ளூர்க்காரருக்குத்தான். எங்கள் நியூ ஜெர்சியில் 70 தாண்டினால் லைசென்ஸே வேண்டாம், ஆனால் அங்கே குடியிருப்பவராக இருக்க வேண்டும். குடியிருப்பவர் என்றால் யார் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். மொன்டானாவில் 180 நாள், வயோமிங்கில் ஒரு வருடம். வேலை மாறி இன்னொரு மாநிலத்துக்குப் போன கையோடு உள்ளூர் விலையில் வாங்கிவிடலாம் என்று நினைக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அது பொய் சொல்லி வாங்கியதாகிவிடும். ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் முடக்கப்பட்டால், தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருக்கும் மற்ற மாநிலங்களிலும் அந்த முடக்கம் செல்லும், அந்த ஒப்பந்தத்தில் ஏறக்குறைய எல்லா மாநிலமும் சேர்ந்துவிட்டன.

‘நான் சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், எனக்கு எதுக்கு லைசென்ஸ்’ என்று அப்பா முதலில் வாதாடினார். தூண்டிலைக் கையில் வாங்கி வீசினாலோ சுற்றினாலோ மீன் பிடித்தல்தான். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு, ஆனால் வயது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் 16 வயது ஆகும் வரை வேண்டாம். வயோமிங்கில் வெளியூர்ப் பிள்ளை 14 வயதுக்குக் கீழே இருந்து, லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவரோடு இருந்தால் வேண்டாம், ஆனால் அந்தப் பிள்ளை பிடிக்கும் மீன் பெரியவரின் கணக்கில் ஏறும். மகள் பிடித்தால் என் பங்கு குறையும் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த உற்சாகம் தனி.

தெற்கு டகோட்டாவில் மிசூரி ஆற்றின் கரையில் சேம்பர்லைன் என்ற ஊர். ஐ-90 அங்கேதான் ஆற்றைத் தாண்டுகிறது. ஈரியில் பட்ட அடி நினைவிருந்ததால் இந்தத் தடவை முழுதாகப் படித்தேன். அங்கே லைசென்ஸோடு வாழிடப் பாதுகாப்பு ஸ்டாம்ப் ஒன்று வாங்க வேண்டும், 2020-இல் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு நாள் லைசென்ஸுக்கு அது தேவையில்லை. எங்களுக்கு அங்கே ஒரே நாள்தான் என்பதால் அதுவே போதுமாக இருந்தது. வயோமிங்கிலும் இதே தந்திரம் உண்டு, ஒரு நாள் லைசென்ஸ் எடுத்தால் கன்சர்வேஷன் ஸ்டாம்ப் வேண்டாம். நாங்கள் போனபோது அங்கே வெளியூர்க்காரருக்கு ஒரு நாளைக்கு 14 டாலர். ஓரிரு நாள் மட்டும் என்றால் நாள் லைசென்ஸ்தான் லாபம், நாலைந்து நாள் என்றால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, ‘ஒரு நாள்’ என்றால் சில மாநிலத்தில் 24 மணி நேரம், சில மாநிலத்தில் நள்ளிரவோடு முடிகிற தேதி. மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு அன்றைய தேதிக்கு வாங்கினால் பணம் போச்சு.

‘வருட லைசென்ஸ்’ என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். நியூ ஜெர்சியில் ஜனவரி முதல் டிசம்பர். மொன்டானாவில் மார்ச் முதல் பிப்ரவரி. விஸ்கான்சினில் ஏப்ரல் முதல் மார்ச்.

சேம்பர்லைனில் வால்-ஐ மீன் கிடைத்தது. பேருக்கேற்ற மாதிரி கண்ணாடிக் கண், முள் குறைவு, நம்ம விராலைவிட மென்மையான சதை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாலுதான், அதில் 20 அங்குலத்தைத் தொட்டது ஒன்றுக்கு மேல் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூன்று பிடித்தோம், வரம்பைப் பற்றிக் கவலையே இல்லை. கவலை மோட்டல் அறையில் வந்தது. அப்பா மீனைத் தோலுரித்துத் துண்டு போட்டு, கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, ஐஸ்பெட்டியில் வைத்து அடுத்த ஊருக்கு எடுத்துப்போகலாம் என்றார். மீதியைக் கருவாடு போடலாமா என்றுகூட ஒரு யோசனை. "மசாலா தடவிட்டா இது என்ன மீனு, எத்தன மீனுன்னு எவனுக்குத் தெரியப்போவுது?"

அதுதான் பிரச்சினையே. பல மாநிலங்களில், வீடு போய்ச் சேரும் வரை மீன் துண்டில் கொஞ்சம் தோலாவது விட்டுவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, என்ன மீன், எத்தனை என்று அதிகாரி எண்ணிப் பார்க்க முடியவேண்டும் என்பதற்காக. விதிமீறிப் பிடித்த மீனை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால் அது மத்தியச் சட்டக் குற்றம், 1900-லிருந்தே இருக்கும் லேசி சட்டம் அது. நாள் வரம்பு போக, கையிருப்பு வரம்பு என்று இன்னொன்றும் உண்டு. ஐஸ்பெட்டியில் இருப்பதும் அதில் சேரும். நான் இதையெல்லாம் சொன்னதும் அப்பா சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்தார். மோட்டல் வாசலில் இருந்த கரி அடுப்பில் மூன்றையும் அன்று ராத்திரியே பொரித்துத் தீர்த்துவிட்டோம். மிச்சமிருந்த புழு டப்பாவைக் கரையில் கொட்டப் போனவரைத் தடுத்து, மூடி போட்டுக் குப்பைத்தொட்டியில் போடவைத்தேன். அந்தப் புழுக்களே அங்கே வெளிநாட்டிலிருந்து வந்து காட்டு மண்ணைக் கெடுப்பவை.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காதான் அப்பாவுக்கு நிஜமான அதிர்ச்சி. வயோமிங் லைசென்ஸ் பூங்காவுக்குள் செல்லாது, மொன்டானாவுடையதும் செல்லாது, பூங்காவின் சொந்தப் பெர்மிட்தான். மூன்று நாளுக்கு 40 டாலர், ஏழு நாளுக்கு 55, சீசன் முழுக்க 75. 16 வயதுக்குக் கீழே இருந்தால் காசு கிடையாது. (பூங்கா என்றாலே இப்படி என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் கிராண்ட் டீட்டனில் வயோமிங் லைசென்ஸ் போதும். மொன்டானாவின் கிளேசியரில் எதுவுமே வேண்டாம். கிரேட் ஸ்மோக்கியில் டென்னசி, வட கரோலினா இரண்டில் எது இருந்தாலும் பூங்கா முழுக்கச் செல்லும்.)

பெர்மிட் வாங்கியாயிற்று, விதிகளைப் படிக்கிறேன், அப்பா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்கிறார். புழு கூடாது, செயற்கை இரைதான். ஈயம் கூடாது. ஊரிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த ஈயக்குண்டுகள், அவர் கையாலேயே தட்டிச் செய்தவை, காரில் போயின. முள்ளின் உள்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன எதிர்முள் கூடாது. அதைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினேன். மீன் நழுவாமல் இருப்பதற்காக வைத்ததையே நசுக்குகிறானே என்று அவருக்கு மனசே ஆறவில்லை. அடியில் கம்பளி ஒட்டிய தண்ணீர் பூட்ஸும் கூடாது, அது எங்களிடம் இல்லை. கடைசியில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்று பெயர் வைத்திருக்கும் பாலத்துக்குப் போனோம். அங்கே 1973-லிருந்து மீன் பிடிக்கத் தடை. அப்பா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் யெல்லோஸ்டோன் ஏரிக்கரையில் வேறு இடத்தில் அவருக்குக் கட்த்ரோட் என்ற டிரவுட் மீன் ஒன்று மாட்டியது. தாடைக்குக் கீழே குங்குமத்தைத் தேய்த்த மாதிரி சிவப்புக் கீற்று. ஒன்றரை அடி இருக்கும். அதை விட்டுவிட வேண்டும், மண்ணின் மீன் எதுவானாலும் விட்டுவிட வேண்டும். ஆனால் அதே ஏரியில் லேக் டிரவுட் மாட்டினால் கண்டிப்பாகக் கொன்றே ஆக வேண்டும், திரும்ப விட்டால்தான் குற்றம். யாரோ கொண்டுவந்து விட்ட மீன் அது, 1994-இல் அங்கே இருப்பது தெரியவந்தது. அது கட்த்ரோட்டைத் தின்று குறைத்துவிட்டது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளுக்கு ஏறி வரும், கரடியும் கழுகும் அதை நம்பி இருந்தன. லேக் டிரவுட் ஆழத்திலேயே கிடக்கும், எந்தக் கரடிக்கும் எட்டாது. அப்பா ஈரக் கையோடு மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தார். செவுள் இரண்டு தடவை விரிந்து மூடியது, ஒரு துள்ளு, காணோம். "நம்மூர்ல கெளுத்தி பண்ற வேலைய இங்க அது பண்ணுதாக்கும்" என்றார். நம் ஏரிகளில் புகுந்துவிட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சொல்கிறார். விதி அவருக்கு என்னைவிட வேகமாகப் புரிந்தது.

ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் கிளம்புகிற அன்று காலையிலும் ஒருமுறை பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் சூடேறினால் டிரவுட் தாங்காது. மொன்டானாவில் பகல் இரண்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுவார்கள், ஆந்தைத் தடை என்று செல்லப்பெயர். லைசென்ஸ் கையில் இருந்தும் ஆறு மூடியிருக்கும். அப்புறம், எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள். பூங்காவுக்குள் பெரும்பாலான இடத்தில் சிக்னல் கிடையாது, ஃபோனில் இருக்கும் லைசென்ஸ் ஃபோனிலேயே இருக்கும்.

இதற்கெல்லாம் போகும் பணம் எங்கே போகிறது என்று அப்பா கேட்டார், ஏலப் பணம் எங்கே போனதென்று பஞ்சாயத்தில் கேட்டுப் பழகியவர். தூண்டில், சுருள் எல்லாவற்றின் மீதும் மத்திய அரசு ஒரு வரி வாங்கி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 1950-இல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டம். லைசென்ஸ் வாங்கியவர் எண்ணிக்கையும் மாநிலத்தின் பரப்பளவும்தான் பங்கு பிரிக்கும் கணக்கு. லைசென்ஸ் பணத்தை மீன், வனவிலங்குத் துறையைத் தவிர வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்பது நிபந்தனை. "கணக்கு வச்சிருக்கான்" என்றார். அவரிடம் இது பெரிய பாராட்டு.

எல்லை ஆறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சில சமயம் காசு மிச்சமாகும். எங்கள் வீட்டுப் பக்கம் ஓடும் டெலவேர் ஆற்றில், நியூ ஜெர்சி அல்லது பென்சில்வேனியா, இரண்டில் ஒன்று இருந்தால் போதும், ஆனால் அதில் வந்து சேரும் ஓடைக்குள் கால் வைத்தால் அந்த மாநிலத்துடையது வேண்டும். டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடுவில் இருக்கும் டெக்சோமா ஏரிக்கு இரண்டு பக்கமும் செல்லும் தனி லைசென்ஸே இருக்கிறது. ஃபுளோரிடாவில் கடலுக்குள் கூட்டிப்போகும் வாடகைப் படகில் ஏறினால், படகுக்காரரின் லைசென்ஸிலேயே நீங்களும் அடக்கம்.

கடைசி நிறுத்தம் மொன்டானாவின் ஃபிளாட்ஹெட் ஏரி. மொன்டானாவில் மூன்று துண்டு வாங்க வேண்டும்: கன்சர்வேஷன் லைசென்ஸ், அந்நிய நீர்வாழ் உயிர்களைத் தடுப்பதற்கான ஒரு பாஸ், அதற்கு மேல் மீன்பிடி லைசென்ஸ். மூன்றும் வாங்கி, அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இந்தத் தடவை யாரும் எதுவும் கேட்க முடியாது என்று தெற்குக் கரையில் போல்சன் ஊரில் அறை எடுத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் ஏரி. காலையில் அப்பா தூண்டிலோடு இறங்கினார், ஆனால் பையின் ஜிப்பைத் திறக்கவில்லை.

"இது யாரு தண்ணி, கண்ணு?"

மொன்டானா தண்ணிதான்ப்பா, எல்லாம் வாங்கியாச்சு என்றேன். சொல்லும்போதே சந்தேகம் வந்தது. எடுத்துப் பார்த்தால், ஏரியின் வடபாதிதான் மாநிலத்தின் லைசென்ஸுக்கு. தென்பாதி சாலிஷ், கூட்டினாய் பழங்குடிகளின் ஃபிளாட்ஹெட் ரிசர்வேஷனுக்குள், அதாவது அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்குள், வருகிறது, அங்கே மாநிலமும் பழங்குடி அரசும் சேர்ந்து கொடுக்கும் தனிப் பெர்மிட் வேண்டும். ஏரிக்கு நடுவில் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை, தண்ணீர் எல்லாம் ஒரே நீலம்தான். நான் ஃபோனைத் தட்டிக்கொண்டிருக்க, அப்பா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, மகளுக்குத் தங்கூசியில் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்குமாம்.